அரைப் பேர்

முதலில் ஓர் அறிவித்தல் வரும்.
நாற்பத்தைந்து செக்கனில் வாசித்து முடிக்கணும்.
நூலகம் இனி இரவு எட்டு மணிக்கே மூடப்படும்,
அப்படி ஏதாவது.
பிறகு காதுக்குள் ஒரு பையன்
அது சரியில்லை என்பான்.
பக்கத்தில் ஒருத்தி, ம்ம், ஏன் என்பாள்.
முப்பது செக்கன் யோசிக்கலாம்.
ஒரு பீப்.
அறுபது செக்கன் பேசணும்:
அறிவித்தல் சொல்வது என்ன,
அவன் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை,
இரண்டு காரணம்.

உங்கட அபிப்பிராயத்த உள்ளுக்கு விட வேணாம்,
புள்ளி போயிடும் என்கிறாள் ரிஸ்னா.
ஹட்டனில் மருந்துக்கடையைப் பூட்டிவிட்டு
ஒன்பது மணிக்கு எடுப்பாள்.
அவளுக்கும் அதே பரீட்சை, அதே சனிக்கிழமை,
கண்டியில் அதே கட்டடம்.
எங்கள் லயத்தில் பீலியடியில் மட்டும்தான்
சிக்னல் இரண்டு கோடு காட்டும்.
ஸ்வெட்டருக்கு மேல் சாக்கைப் போர்த்திக்கொண்டு
இதுவரை காலே வைக்காத நூலகங்களுக்காக
பனிமூட்டத்தோடு நியாயம் பேசுகிறேன்.

போட்டோ கொப்பி தீர்ந்துபோயிற்று.
முப்பது கேள்விக்கும் விடை மனப்பாடம்.
வேற நோட்டீஸ் ஏதும் ஈந்தா எடுங்கோ என்றாள்.
இருந்தது.
மடுவத்தில் ஒட்டியதன் பிரதி, கைப்பையில்:
'திங்கள் முதல் பதினெட்டுக் கிலோ.
குறைந்தால் அரைப் பேர்.'

கேட்கும் பகுதிக்கு
லோகாம்பிகை அக்கா மத்தியானம் தராசடியில்
கத்தியது போதும்.
பதினோராம் நம்பர் மலையில் கொழுந்தே இல்லை என்றாள்.
இந்த மழையில் சறுக்குகிறது என்றாள்.
போன கிழமை குளவி கொட்டிய இடத்துக்கே
திரும்ப அனுப்புகிறீர்கள் என்றாள்.
சாக்கு ஈரமென்று இரண்டு கிலோ கழிக்கிறீர்களே,
அது யார் கணக்கு என்றாள்.
தேவை இரண்டு காரணம்.
அவளிடம் ஏழு இருந்தது.
முப்பது செக்கனில் ஐந்தை வெட்டினேன்.
குளவியையும் வெட்டினேன்,
அதற்கு இங்கிலீஷ் சட்டென்று வரவில்லை.

பீப்.
தி நோட்டீஸ் சேஸ், என்று நன்றாகத்தான் தொடங்கினேன்.
தி வுமன் டிஸ்அக்ரீஸ்.
இருபதாவது செக்கனில் வாய் வழுக்கியது:
தே வில் கிவ் ஹர் ஹாஃப் நேம்.

ரிஸ்னா சிரித்த சிரிப்பில் கோடு ஒன்று குறைந்தது.
பேர் இல்லடி, பே! ஹாஃப் டேய்ஸ் பே!

பேர். பே.
நடுவில் ஒரு 'ர்'தான்.
செக்ரோலில் ஒரு நாளை அரையாக்கும்போது
அந்த 'ர்' எந்தப் பக்கம் விழுகிறதென்று
நான் யோசித்ததில்லை.
நேரம் முடிந்து ஃபோன் வெட்டியது.
என் வாக்கியம் 'பிகாஸ்' என்பதோடு நின்றது.

இராத்திரியில்தான் பீலியில் தண்ணீர் கனமாக வரும்.
வாளியோடு அக்கா நின்றிருந்தாள்,
எப்போதிருந்து என்று தெரியாது.
'என்னயப் பத்தித்தானே பேசுன?'

தமிழில் சொன்னேன்.
ஏழையும் சொன்னேன், குளவியோடு.
நேரம் பார்க்க யாரும் இல்லை.
அவள் வாளியைப் பீலிக்கு நேரே தள்ளி வைத்தாள்.
சரியாத்தான் சொல்லிருக்க என்றாள்.
பிறகு, கோபமே இல்லாத குரலில்:
'கந்தோர்ல அந்தக் கடதாசிய டைப் அடிச்சது நீதானே.
நீ என்னா சொல்ற?'

பத்து செக்கன்.
இருபது.
கொட்டகலைப் பக்கம் ரயில் ஒன்று
வளைவில் ஊதிக்கொண்டு போனது.
முப்பதுக்குப் பிறகும் பீப் வரவில்லை.
வாளி நிரம்பி,
தண்ணீர் எங்கள் இருவர் செருப்பையும் நனைத்துக்கொண்டு
கானுக்குள் இறங்கியது.
யாரும் வாளியை நகர்த்தவில்லை.