மிதி, பிடி, விடு

மீனுக்கு மாற்றாக வந்த வண்டி.
பீப்பாய் பீப்பாயாக உப்புமீன் சோவியத்துக்குப் போக
திரும்பிய கப்பலில் ஐஸ்லாந்துக்கு இறங்கிய ஜீப்.
ஹீட்டரைப் போட்டால் இன்றைக்கும்
அந்த மீன் வாடை வரும் என்பாள் என் தங்கை.
மோந்து பார்த்துவிட்டேன்.
எலி மூத்திரம்.

அக்டோபரில், மறிகள் ஈனும் கொட்டிலுக்குள்
தள்ளிக்கொண்டு வந்தேன்.
மே மாதம்வரை அவை அந்த இடத்தைக் கேட்காது.

முதல் மாதம் போல்ட்டுகளோடு போயிற்று.
எண்ணெய் விட்டு, சூடு காட்டி,
இரவெல்லாம் ஊறவிட்டு, விடிந்ததும் கெஞ்சினால்
சில கழலும்.
சில தலையை மட்டும் தரும்.
ஒரு வாளியில் போட்டு வைத்தேன்,
நாற்பத்தொரு தலைகள்.

தரைத்தகட்டைச் சுரண்டினேன்.
பச்சை. அதன் அடியில் சாம்பல். அதன் அடியில் வேறொரு பச்சை.
அதற்கும் அடியில் யாரோ வைத்த ஒட்டு:
மண்வெட்டியின் இலை.
காம்பு செருகும் குழலைக்கூட முழுதாய் அறுக்காமல்
ஓட்டுபவரின் குதிகாலுக்கு நேராகப்
பற்றவைத்திருந்தான், அவசரக்காரன்.
எந்த உதிரிப்பாகப் பட்டியலிலும் இல்லாத பாகம்.
அளவெடுத்து வெட்டிய புதுத் தகடு
சுவரோரம் தயாராக நின்றது.
அதைக் கோழிக்கூட்டுக்குக் கதவாக்கிவிட்டேன்.

டிசம்பரில் சூரியன்
எங்கள் பள்ளத்தாக்கை எட்டிப் பார்ப்பதில்லை.
பகல் என்பது உத்தரத்தில் தொங்கும் ஒரு பல்பு.
அதன் கீழே கார்புரேட்டரைப் பிரித்தேன், கோத்தேன்,
மிச்சம் இருந்த ஒரு ஸ்பிரிங்கைப் பார்த்து
மறுபடி பிரித்தேன்.
ஜனவரி ஒன்பதாம் தேதி
முன்னால் கைப்பிடி செருகிச் சுற்றியதில்
மணிக்கட்டை ஒடிக்கப் பார்த்துவிட்டு
இரும ஆரம்பித்தது எஞ்சின்.
ஓடுவது எளிது.
நிற்கத்தான் இரண்டு பேர் வேண்டும்.

பிரேக் குழாயிலிருந்து காற்றை எடுக்க
ஒருவர் பெடலில், ஒருவர் சக்கரத்தடியில்.
தங்கை அக்குரேரியில், சாலையோ மூடிக் கிடக்கிறது.
நடந்து வரும் தூரத்தில் உள்ள கால்கள்
ஹால்வர்துடையவை மட்டும்.

பதினொரு வருஷமாகப் பேச்சில்லை.
செப்டம்பரில் அவன் கிடா என் வேலியைத் தாண்டியது.
பெப்ரவரிப் புயலில் ஈன்றன என் மறிகள்.
அடுப்படியில் கிடத்திய பதினாறு குட்டிகளில்
பிழைத்தவை ஆறு.
வேலியின் அந்த நீளம் உன் பங்கு என்றான்.
என் பங்குதான்.
அதனால்தான் பேசவில்லை.

போனில், "பிரேக்" என்றேன்.
"எத்தனை மணிக்கு?" என்றான்.

வந்தான். தொப்பியைக் கழற்றவில்லை.
ஏறி உட்கார்ந்தான், குதிகால் மண்வெட்டிமேல்.
நான் அடியில், முதுகுக்குக் கீழே பனிக்கட்டியாய் சிமெண்ட்.
தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

மிதி.
பிடி.
திருகைத் தளர்த்துகிறேன். குழாயில் குமிழ்கள்,
காபி நிறத்தில் பழைய திரவம்.
மூடுகிறேன்.
விடு.

மூடும்முன் அவன் காலெடுத்தால்
வெளியேறிய காற்றெல்லாம் மீண்டும் உள்ளே.
எடுக்கவில்லை.
ஒருமுறைகூட எடுக்கவில்லை.

மிதி. பிடி.
விடு.

மூன்றாம் சக்கரத்தில் மேலிருந்து குரல் வந்தது:
"இந்த மண்வெட்டி எங்கள் வீட்டுடையது.
குழலில் எங்கள் பட்டிக்குறி இருக்கிறது, பார்."

பார்த்தேன். இருந்தது.

"மிதி" என்றேன்.

நாலும் முடிந்தபோது பெடல் கல்லாக இருந்தது.
அவன் அதை இன்னொரு தடவை,
யாரும் சொல்லாமலே, மிதித்துப் பார்த்தான்.
காபி கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.
வெளிக்கதவை மட்டும்
காற்றில் அடிக்காதபடி கொக்கி மாட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் முன் அச்சையும் இணைத்து
ஆற்றை நோக்கி இறங்கும் சரிவில் விட்டேன்.
பாதியில் மிதித்தேன்.
நின்றது.
நின்றதுதான், ஆனால் கொஞ்சம் இடப்பக்கம் இழுத்து,
அவன் வேலியிலிருந்து ஒரு கை தள்ளி.

வலது முன் சக்கரத்தில் இன்னும் காற்று இருக்கிறது.
நாளைக்குச் செவ்வாய்,
அவன் மறிகளுக்குப் புழுமருந்து ஊற்றும் நாள்.
புதன்கிழமை கூப்பிடலாம்.