பதினான்கு நாள்

முதலில் கொண்டைதான் வெளுத்தது.
வெயில் என்று விட்டுவிட்டேன்.
ஆகஸ்டில் பர்காவில் எதுதான் வெளுக்காமல் இருக்கிறது,
தண்ணீர்த் தொட்டியின் நீலம்கூட.
அப்புறம் ஒருநாள் தூக்கியபோது
நெஞ்செலும்பு கத்தி விளிம்புபோல் கையில் பட்டது.
தின்கிற தீனி எங்கேதான் போகிறதென்று
எச்சத்தைக் குச்சியால் கிளறினேன்.
வெள்ளையாய் ஒன்று நெளிந்தது.

மருந்துக்கடை குஞ்ஞுமோன்
பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுச் சிரித்தார்:
"கோழிக்கும் மெடிக்கலா?"
அவருக்குத் தெரியாது,
திருச்சியில் நான் டப்பாவில் கொடுத்ததை
ஒருவன் கண்ணாடிக்கடியில் வைத்துப் பார்த்து
அன்ஃபிட் என்று எழுதியது.
ஒரே ஒரு மாத்திரை. மென்று விழுங்கச் சொன்னார்கள்.
பதினெட்டு நாள் தள்ளிப்போனது விசா.
பச்சைமுத்து என்ற பெயரை ஏஜென்ட் மறந்தான்.
"புழு கேஸ் வந்தாச்சா?" என்பான்
ஆபீஸ் வாசலில், எல்லோர் முன்பும்.

முந்தின இரவே தண்ணீரை எடுத்துவிடு,
விடிந்ததும் மருந்து கலந்து வை என்றது சீட்டு.
சீட்டு எழுதினவர் குளிர்ந்த ஊர்க்காரர்.
இங்கே நடுராத்திரியும் முப்பத்துமூன்று டிகிரி.
தாகத்தோடு பூட்டிவைத்தால்
காலையில் புழுவும் இருக்காது, கோழியும் இருக்காது.

ஆகவே ஒவ்வொன்றாய்.
நாலு மணிக்கு, பாங்கு சொல்லுமுன்,
ஷொஹாக் கக்கத்தில் இடுக்கிக் கொடுக்க
நான் அலகோரமாய் சிரிஞ்சை நுழைத்தேன்.
குஞ்சுகளைப் பேரீச்சை நிறுக்கும் தராசில் வைத்தேன்.
முந்நூறு கிராம். இருநூற்றெண்பது.
ஒன்று தராசிலேயே கண்ணை மூடிக்கொண்டது.
சொட்டுச் சொட்டாய் விட வேண்டும்;
அவசரப்பட்டால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.
பதினேழில் ஒன்றுக்கு அவசரப்பட்டேன்.
மனிதர் இருமுவதுபோலவே இருமியது.
பிறகு இருமவில்லை.
ஷொஹாக் ஒன்றும் சொல்லாமல்
அடுத்ததை நீட்டினான்.

மறுநாள் தரையெல்லாம் வெந்த சேமியா.
கழித்ததைத் தாமே கொத்தித் தின்ன ஓடுகின்றன,
வெட்கம் கிடையாது.
துடைப்பத்தோடு நான் அவற்றை முந்தி ஓடினேன்.
வாரி எரித்தேன். மணலையும் ஒரு சாண் வாரினேன்.
அதற்கும் கீழே புழுவின் முட்டைகள் இருக்கும்,
கண்ணுக்குத் தெரியாதவை,
காத்திருக்கத் தெரிந்தவை.

கண்ணுக்குத் தெரிகிற முட்டைக்கு வேறு கணக்கு.
பதினான்கு நாள் யாரும் தின்னக்கூடாது.
சொன்னேன். அர்பாப் ஹிலால் பொறுமையாய்க் கேட்டார்.
நல்ல மனிதர், சம்பளம் ஒருநாள் தள்ளியதில்லை.
வீட்டுப் பக்கம் கையை ஆட்டி, வேண்டாம் என்றார்.
எங்கள் அறைப் பக்கம் காட்டி,
"நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்."

ஈச்ச மரத்தடியில் குழி வெட்டினேன்.
பன்னிரண்டு. பதினொன்று.
ஷொஹாக் பக்கத்தில் நின்று எண்ணினான்,
முட்டையை அல்ல, பைசாவை.
மூன்றாம் இரவு அறையில் வெங்காய வாசனை.
அதில் மருந்து இருக்கிறது என்றேன்,
எங்கள் இருவருக்கும் பொதுவான உடைந்த இந்தியில்.
"நமக்கு மட்டும் வயிற்றில் புழு இல்லையா?"
பாதியை என் தட்டுக்குத் தள்ளினான்.
உப்புதான் கொஞ்சம் தூக்கல்.

கொண்டைகளில் ஒரு சிவப்பு வந்துவிட்டது.
பதினைந்தாம் காலை
முட்டைகளைத் துடைத்துக் கூடையில் அடுக்கி
பெரிய வீட்டுக்குக் கிளம்பினேன்.
கூடைக்கு அடியில் விரிக்க எடுத்த காகிதம் அந்தச் சீட்டு.
பின்பக்கமும் எழுத்து இருப்பதை
அப்போதுதான் பார்த்தேன்:
இரண்டு வாரம் கழித்து இன்னொரு வேளை.
அன்றிலிருந்து மறுபடி
ஒன்று.