பதினெட்டு வோல்ட்

தேரடியில் மெட்ரோ ஏறி மண்ணடியில் இறங்கினேன்.
பையில் சீட்டு எடுத்த பணம்.
வளையலும் இல்லை, மிக்ஸியும் இல்லை,
ஒயர் இல்லாத டிரில்லும் கிளை அறுக்கும் ரம்பமும் என்றதும்
சீட்டுக்கார மங்கம்மா
நோட்டை மறுபடி எண்ணிக் கொடுத்தாள்.

செம்புதாஸ் தெருவில் கடைக்குக் கடை
பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு.
தேர்தலுக்கு முந்தின வாரம் மாதிரி தொங்குகின்றன.
எந்தக் கட்சி என்கிற தோரணையில்தான்
கடைக்காரரும் கேட்டார்:
"எந்தக் கலர் பேட்டரி வெச்சிருக்கீங்க?"
ஒன்றும் இல்லை என்றேன்.
யாரும் இன்னும் காசு கொடுக்காத ஓட்டு
கண்ணில் பட்டதுபோல அவர் முகம் மலர்ந்தது.

"மிஷினு என்னமோ மலிவுதாம்மா,
பேட்டரிலதான் விஷயமே.
பச்சையோடது நீலத்துல ஏறாது.
எல்லாம் பதினெட்டு வோல்ட்டுதான்,
உள்ள இருக்கிற செல்லும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்,
வாய் மட்டும் வேற வேற.
ஒரு தடவ எடுத்துட்டீங்கன்னா
ஆயுசுக்கும் அந்த வீட்லயேதான் பொண்ணு எடுக்கணும்."

சிரித்து வைத்தேன்.
எங்கள் கல்யாணத்துக்கு
ரெண்டு பக்கமும் ஆளே வராத கதை
அவருக்கு எதற்கு?

ஏசுபாதம் நீலம் என்றிருந்தான்,
துறைமுக ஒர்க்‌ஷாப்பில் எல்லாமே நீலம்.
தம்பி போனில் அனுப்பிய பட்டியலில்
முறுக்கு விசை, சுற்று வேகம், கூடவே பிரஷ் இல்லாத மோட்டார்.
எட்டுக்குப் பதினொன்று அடித் தோட்டத்தில்
ஒரு முருங்கை, மருதாணி வேலி,
கீல் தின்னப்பட்ட ஒரு கேட்டு.
இதற்கு விமானம் கட்டுகிற பட்டியல்.

நான் பார்த்தது வேறு.
உடைந்து ஒட்டிய மணிக்கட்டில்
எதைத் தூக்கினால் வலிக்கவில்லை என்று பார்த்தேன்.
காசிமேட்டில் செவுளைத் தூக்குவதுபோல
ஒவ்வொரு பேட்டரியையும் கழற்றிப் பார்த்தேன்.
தகடு பித்தளையா, வெறும் பூச்சா?
எங்கள் பக்கம் காற்று வீட்டுக்குள் வந்து
கத்தரிக்கோலைத் தின்றுவிட்டுப் போகும்.
போன மழையில் முழங்கால் தண்ணீர்,
பின்பக்க ப்ளக்கில் நீலமாய் ஒரு பொறி.
ஒயரை வெறுக்க அதுவே போதும்.

மஞ்சளைக் கையில் எடுத்தபோது
கொஞ்சம் கனம்தான்.
ஆனால் அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.
ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு
காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் கேட்கிற சத்தம்.
முனிரத்தினத்துடையது மஞ்சள்.
எங்கள் முருங்கை ஒடிந்து
அவர் ஆஸ்பெஸ்டாஸ் உடைந்ததிலிருந்து
பதினாலு மாதமாகப் பேச்சு இல்லை.

"இதையே போடுங்க."
"ஒரு பேட்டரிதாம்மா வரும். இன்னொண்ணு தனியா நாலாயிரம்."
"வேணாம். பக்கத்து வீட்ல இருக்கு."
"குடுப்பாங்களா?"
"கேக்கணும்" என்றேன்.
கேட்பேன் என்று
எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

வீட்டில் அவன் மஞ்சளைப் பார்த்தான்,
மதிலைப் பார்த்தான்,
டீ போடப் போனான்.

ஞாயிறு காலையில் கரண்ட் இல்லை.
அவர் ஷீட் பக்கம் சாய்ந்திருந்த கிளையில்
பாதி வரைக்கும் ரம்பம் போனது.
பிறகு முனகியது, ஒரே ஒரு விளக்கு மினுக்கியது, நின்றது.
தோல் பிடியில் கிளை தொங்குகிறது.
ஏணியில் நான்.
கண்ணாடிச் சில்லு பதித்த மதிலைப் பார்த்து
வாயைத் திறந்தேன்,
முருங்கைப்பூ ஒன்று உள்ளே விழுந்தது.
துப்பிக்கொண்டிருக்கும்போதே
சில்லுகளுக்கு நடுவில்
ஒரு கோணித்துண்டு விரிந்தது,
அதன் மேல் ஒரு பேட்டரி.

மாட்டினேன். டக்.

"கெள இந்த வாட்டி
உங்க பக்கமே வுழட்டும்"
என்றது மதிலின் அந்தப் பக்கம்.