நாற்பத்தொன்றாம் பெட்டி

இல்லினாயின் தென்கோடிக்கு
ஏப்ரல் கடைசியில் வந்தேன்.
நான்கு மாத வேலை, ஒரு அடுக்குக் கட்டில்,
இடுப்புவரை ஏறும் ரப்பர் பூட்ஸ்.
போன வருடம் போட்டுக்கொண்டவர் யாரோ
உள்மடிப்பில் மார்க்கரால் எழுதியிருந்தார்:
இடது கால் ஒழுகும்.
ஒழுகியது.

காட்டில் தண்ணீர் நிற்கிறதா
தண்ணீரில் காடு நிற்கிறதா
முதல் வாரம் முழுக்கப் பிடிபடவில்லை.
சைப்ரஸ்கள் வேரை முழங்காலாக மடித்து
வெளியே நீட்டியிருந்தன,
ரயிலில் நகர்ந்து உட்காராத ஆட்களைப் போல.
அவற்றுக்கு நடுவே கம்பங்கள்,
கம்பங்களில் பால் அட்டைப் பெட்டிகள்,
கறுப்பு பெயிண்ட் அடித்து, துளை போட்டு,
எண் எழுதி.

படகின் பின்முனையில் லோவெல் ட்ராஸ்க்.
பறவையைவிட பேட்டரிமேல் கவலை அவனுக்கு.
முன்முனையில் நான்,
பல் டாக்டரின் கண்ணாடியைக் குச்சியில் கட்டி
துளைக்குள் விட்டு
முட்டை எண்ணுகிறவள்.

கதிர்க்குருவி. உள்ளங்கைக்குள் அடங்கும்.
அந்த மஞ்சளை என்னவென்று சொல்ல?
படிவத்தில் உவமைக்குக் கட்டம் இல்லை.
இடது காலில் நீலம், அதன்கீழ் ஆரஞ்சு,
வலது காலில் அலுமினியம்.
இதுதான் அவன் பெயர்.

மே முதல் வாரம்
நாற்பத்தொன்றாம் பெட்டியில் பாசி திணித்தான்.
பக்கத்துப் பெட்டியிலும் திணித்தான்.
பிறகு மேலே ஏறிப் பாடினான்
ட்ஸீ ட்ஸீ ட்ஸீ ட்ஸீ
நிமிடத்துக்கு எட்டு முறை,
விடிந்ததிலிருந்து என் காபி ஆறும்வரை,
ஆறிய பின்னும்.

அழகாக இருக்கிறதே என்றேன்.
லோவெல் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தான்.
"துணை கிடைத்தவன் இவ்வளவு பாடமாட்டான்.
து.இ. என்று போடு."
துணை இல்லை.
அப்படித்தான் தெரிந்தது
எனக்குப் பிடித்த காலை எல்லாம்
ஒரே கட்டத்தில் விழும் காலை என்று.

பத்தொன்பதாம் தேதி பெட்டை வந்தது.
பாட்டு இரண்டானது, ஒன்றானது,
நான்கு முட்டையானது.
அந்த அமைதியைக் குறிக்க
பூஜ்யம் போட்டேன். கை கொஞ்சம் சந்தோஷமாகவே போட்டது.

குஞ்சுகளுக்கு எட்டாம் நாள்.
வளையங்களை நூலில் கோத்து
சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனோம்.
கண்ணாடியில் மஞ்சள் வாய் தெரியவில்லை,
செதில் தெரிந்தது.
சாரைக்குத் தூரத்துச் சொந்தம், கறுப்பு,
பால் அட்டைக்குள் நான்கு மடிப்பாக,
ஏதோ வாடகை கொடுத்ததுபோல நிதானமாக.
உடம்பில் புடைப்புகள்.
"நான்கு" என்றேன்.
"பெட்டையோடு ஐந்தா?" என்றான் லோவெல்.
மறுபடி எண்ணினேன்.
அதற்குத்தான் சம்பளம்.

பாம்பைத் தொடக்கூடாது, அது விதி.
தொடாமல் பார்த்துக்கொண்டிருக்கலாமா
என்று விதியில் இல்லை.
பார்த்துக்கொண்டிருந்தேன்.
லோவெல் துடுப்பைத் தண்ணீரில் வைத்தான்,
தள்ளவில்லை.

மூன்றாம் நாள் நீலம்-ஆரஞ்சு பாடியது.
எட்டு. ஒன்பது. மறுபடி எட்டு.
கயாக்கில் வந்த ஒரு தம்பதி
துடுப்பை மடியில் வைத்துக் கேட்டார்கள்.
"எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது பாருங்கள்"
என்றாள் அந்த அம்மாள் என்னிடம்.
ஆமாம் என்றேன்,
விரல் எண்ணிக்கையை விடாமல்.

அன்று திரும்பும் வழியெல்லாம் பேசினேன்.
கொசுவைப் பற்றி, கல்லூரிக் கடனைப் பற்றி,
பிப்ரவரியில் வீட்டைக் காலி செய்துபோன கார்சனைப் பற்றி,
அவன் எடுத்துப்போன டோஸ்டரைப் பற்றி.
கரை வந்ததும் லோவெல் சொன்னான்:
"காலை நாலரையிலிருந்து
நீ நிறுத்தவே இல்லை."
கேலி இல்லை குரலில்.
அவன் நோட்டை மூடியே வைத்திருந்தான்,
அதற்கு நன்றி.

ஆகஸ்டில் பறவைகள் தெற்கே போயின,
ஒன்றும் சொல்லாமல், இரவில்.
பெட்டிகளைச் சுத்தம் செய்தோம்.
நாற்பத்தொன்றில் பாசி காய்ந்திருந்தது,
வேறொன்றும் இல்லை.
போடாத வளையங்களைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்திட்டேன்.

கடைசி நாள் பூட்ஸைக் கழுவிக்
கவிழ்த்து வைக்கும் முன்
மார்க்கர் தேடி
அந்த வரியின் கீழே எழுதினேன்:
வலதும்.