கூண்டு இறங்கும் நேரம்

சட்பரி. டிசம்பர். காலை ஆறு மணி.
நிக்கல் சுரங்கத்தின் கூண்டில்
நாற்பது பேர், தோளோடு தோள்.
அடுத்தவர் கண் கூசாமலிருக்கத்
தலைவிளக்குகளை அணைத்திருந்தோம்.
இருட்டுக்குள்ளிருந்து கேட்டார்
ரெய்யோ லாஹ்தினென்:
"பதினாலு வருசமா உங்களோட இறங்கிறன்.
கீழ நீங்கள் என்னதான் பிடிக்கிறியள்?"

கேட்டது ஆங்கிலத்தில்.
என் காதில் விழுந்தது இப்படித்தான்.

நாலு நிமிடம். இரண்டு கிலோமீட்டர்.
அதற்குள் ஒரு சூரியனைச் சொல்லி முடிக்க வேண்டும்.

"ஆவித்துகள்" என்று தொடங்கினேன்.
யாரோ செருமினார்.
சுரங்கத்துக்குள் ஆவியைப் பற்றிக் கதைக்கக் கூடாது.
சரி, அழித்துவிட்டு மறுபடி.

நியூட்ரினோ.
மின்னேற்றம் இல்லை.
நிறையும் இல்லை என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள்.
இருக்கிறது, மிகமிகக் கொஞ்சம்;
அதைக் கண்டதில் இந்தக் குழிக்கும் பங்குண்டு.

சூரியனின் நடுவில்
ஒளியும் இதுவும் ஓருலையில் பிறக்கின்றன.
ஒளிக்கு அங்கே தேர்க்கூட்டம்:
ஓரடி வைக்குமுன் முட்டி, திரும்பி, மறுபடி முட்டி,
வெளியே வரப் பல்லாயிரம் ஆண்டு.
இன்று மத்தியானம் உங்கள் ஜன்னலில் விழப்போவது
பனியுகத்தில் கிளம்பிக்
கைமாறிக் கைமாறி வந்த சூடு.
நியூட்ரினோவை யாரும் மறிப்பதில்லை.
இரண்டு விநாடியில் வாசல்.
எட்டு நிமிடச் சொச்சத்தில் பூமி.
நாம் கூண்டில் ஏறியபோது புறப்பட்டது
நீங்கள் வேலையிடத்துக்கு நடக்கையில் வந்து சேரும்.

காது அடைத்தது.
எச்சில் விழுங்கினோம்.

"அப்ப மேலயே பிடிக்கலாமே?"

மேலே, விண்ணிலிருந்து
வேறு துகள்கள் கொட்டுகின்றன, ஓயாமல்.
தகரக்கூரையில் மழை அடிக்கும்போது
ஊசி விழுந்தால் கேட்குமா?
அதற்குத்தான் இரண்டு கிலோமீட்டர் பாறையைக்
குடையாகப் பிடித்திருக்கிறோம்.
குடைக்கடியில் நாலுமாடி உயரத்தில் ஓர் உருண்டை,
தெளிந்த பிளாஸ்டிக்.
உள்ளே ஒரு திரவம்; சலவைத்தூள் கம்பெனிக்காரர்
வாங்குகிற சாமான்தான்.
நியூட்ரினோ ஓர் எலக்ட்ரானை இடித்தால்
அது துளி மினுங்கும்.
சுற்றிலும் ஒன்பதாயிரம் கண்கள், இமைக்காமல்.

"இப்பவும் வருதா?"

வருகிறது.
சூரியன் இன்னும் எழவில்லை,
அதனால் கீழேயிருந்து வருகிறது.
அட்லாண்டிக்கின் நடுவே எங்கோ நுழைந்து,
நாலாயிரம் கிலோமீட்டர் கல்லைக் கல்லென்றே மதியாமல்,
சாய்வாக, உங்கள் பூட்ஸின் அடி வழியாக.
கட்டைவிரல் நகத்தளவு இடத்தில்
விநாடிக்கு ஆறாயிரத்து ஐந்நூறு கோடி.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
இருட்டில் இறங்கி இருட்டில் ஏறுகிறவர்.
இந்த மாதம் அவர் ஞாயிற்றைப் பார்த்தது
ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்.

"அவ்வளவும் எனக்குள்ளாலயா?
ஒண்டும் செய்யாதா?"

செய்யாது.
ஆயுள் முழுக்க ஊடுருவிப் போனாலும்
உங்கள் உடம்பில் ஓர் அணுவை இடிக்கப்போவது
ஒன்று. அதுவும் நிச்சயமில்லை.

"எண்டைக்கு?"

எத்தனை என்று கணக்குச் சொல்லும்,
எப்போது என்று சொல்லாது
என்று வாயெடுக்குமுன் கூண்டு நின்றது.
கம்பிக்கதவு தூக்கியது. பாறையின் சூடு முகத்தில் அடித்தது.
அவர் இடப்பக்கம், துளைக்கும் இயந்திரத்துக்கு.
நான் வலப்பக்கம், குளித்துத் தூசி போக்கி
வெள்ளை உடுப்பு மாட்ட.

அடுத்த செவ்வாய், அதே இருட்டு.
வழக்கத்துக்கு மாறாகத் தலைவிளக்கைப் போட்டார்.
கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார்:
கட்டைவிரல் நகம், கறுத்து, ஓரம் நீலம் பாரித்து.

"வந்திட்டுது," என்றார்.
"அந்த ஒண்டு."

"அது சுத்தியல், ரெய்யோ."

"பரவாயில்லை, கணக்கில எழுதுங்கோ."