காத்திருப்பு இசை

பதினோரு நிமிடமாகக் காத்திருப்பில் இருக்கிறேன்.
செந்தூல் அடுக்குமாடி, ஒன்பதாவது மாடி நடைவழி,
துணிக்கொடிக்கு அடியில்
காதோடு ஒட்டிச் சுடுகிறது கைப்பேசி.
அந்தப் பக்கம் கல்லூரியின் கட்டணப் பிரிவு.
இந்தப் பக்கம் நான், லோஷினி, பத்தொன்பது,
மடியில் மூன்று கையேடுகள்.

முதலாவது, இசையமைப்புப் பட்டம். நான்கு ஆண்டு.
அட்டையில் ஒருத்தி செலோவை அணைத்தபடி
ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறாள்.
எங்கள் ஜன்னலாக இருந்தால்
நெடுஞ்சாலைத் தூணைத்தான் பார்ப்பாள்.
இரண்டாவது, ஒலிப்பொறியியல் டிப்ளோமா. பதினெட்டு மாதம்.
அட்டையில் ஆளே இல்லை,
குமிழ்கள், குமிழ்கள், ஒரு சிவப்பு விளக்கு.
மூன்றாவது அம்மா கொண்டுவந்து வைத்தது, கணக்கியல்.
அட்டையின் நிறத்தைக்கூட நான் கவனிக்கவில்லை.
பொய். நீலம்.

அம்மா திட்டவில்லை, அதுதான் கஷ்டம்.
மருத்துவமனைக் கட்டண முகப்பில் பதினாறு வருடம் உட்கார்ந்தவள்
பழைய ரசீதின் பின்பக்கம் எழுதிக் காட்டினாள்:
டயர்க் கடைக்கு நீ போட்ட விளம்பர மெட்டு, நூற்றைம்பது ரிங்கிட்.
இந்தப் பட்டம், எழுபத்திரண்டாயிரம்.
வகுத்தால் நானூற்று எண்பது டயர்க் கடை.
"கேஎல்ல அத்தனை இருக்காம்மா?"
கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள்.
நானும் நிஜமாகவே யோசித்தேன்.
கெப்போங் பக்கம் போனால் இருக்கும்.

அந்த மெட்டு ஏழு வினாடி.
அதற்குள் மலாய், கண்டோனீஸ், தமிழ், மூன்றும் வேண்டும்
என்றார் கடைக்காரர் மிஸ்டர் லாவ்.
தமிழுக்குக் கிடைத்தது ஒன்றே முக்கால் வினாடி.
'வழுக்காது' என்ற ஒற்றைச் சொல்லை
அதில் உட்கார வைக்க இரண்டு இரவு;
நாக்கு சுருண்டு நிமிர்வதற்குள்
தாளம் அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறது.
தர்வின் குளியலறையில் நின்று பாடினான், எதிரொலிக்காக.
மேல்வீட்டில் யாரோ குழாய் திறந்ததும்
அதில் பதிவாகியிருக்கிறது.
யாருக்கும் கேட்காது.
எனக்குக் கேட்கிறது.

தர்வின் எங்கும் படிக்கப் போவதில்லை.
சனி ஞாயிறு கல்யாண மண்டபம், கீபோர்டு, கையில் ரொக்கம்.
"சர்ட்டிஃபிக்கேட் வாசிக்குமா?" என்கிறான்.
வாசிக்காதுதான்.
ஆனால் போன மாதம் ஒரு தாளை வாசிக்காமல் கையெழுத்துப் போட்டு
தன் மெட்டைத் தானே வாசிக்க
அனுமதி கேட்டு நிற்கிறான்.
அதைக் கற்றுக்கொடுக்கும் பாடம்
மூன்று கையேட்டிலும் கடைசிப் பக்கத்தில்,
விருப்பப் பாடமாக.

இந்தக் காத்திருப்பு இசை முப்பத்திரண்டு வினாடி.
பியானோ. அடியில் குழல் மாதிரி ஏதோ, குழல் இல்லை.
முடிந்து மறுபடி தொடங்கும் இடத்தில்
ஒரு சின்ன டக்,
நகம் மேசையில் பட்டதுபோல.
இருபதாவது முறை. டக்.
இதைச் செய்து யாரோ காசு வாங்கியிருக்கிறார்.
யாரோ அதைக் கேட்டு, சரி என்றிருக்கிறார்.

கடைசிச் சுரம் அடங்கும் முன்பே வெட்டிவிட்டார்களா?
இல்லை, மெட்டே அங்கே
தன் வீடு எதுவென்று தெரியாமல் திரும்புகிறதா?
வெட்டில் பிழை என்றால், பதினெட்டு மாதம்.
மெட்டில் பிழை என்றால், நான்கு ஆண்டு.
டக் என்பதே கேட்கவில்லை என்றால்
நீல அட்டை, நிம்மதி, இபிஎஃப்.

"ஹலோ, மாஃப் யா, லாமா துங்கு."
இசை அறுந்து ஒரு பெண்ணின் குரல்,
பின்னால் அச்சு இயந்திரம்.
எந்தப் பாடப்பிரிவு என்று கேட்கிறார்.
கொடியிலிருந்து ஒரு சொட்டு
செலோக்காரியின் தோளில் விழுந்து விரிகிறது.
கீழே ரயில் நிற்கிறது, கதவு மூடும் மணி, புறப்படுகிறது.

"காக்," என்கிறேன்,
"இன்னும் ஒரே நிமிடம்
என்னைக் காத்திருப்பிலேயே போடமுடியுமா?"

அவர் சிரித்தாரா, மூச்சு விட்டாரா, தெரியவில்லை.
பியானோ தொடங்குகிறது.
கம்பியில் விரலால் தட்டி எண்ணுகிறேன்.
இருபத்தொன்பது. முப்பது.
முப்பத்தொன்று.