ஙகரத்துக்கு ஒரு பெட்டி

சோமனூரில் தறி நிற்பது கரண்ட் போனால்,
இல்லையென்றால் கூலிப் பேச்சு முறிந்தால்.
காலையில் இரண்டும் இல்லை.
பால்வாடிச் சுவருக்கு அந்தப் பக்கம்
பன்னிரண்டு தறி.
இந்தப் பக்கம் பதினாலு பிள்ளைகள், நான்,
நூல்கோன் வந்த அட்டைப்பெட்டி மூன்று.

பெட்டிமேல் எழுத்து இல்லை.
எழுத்து இன்னும் இவர்களிடம் வந்து சேரவில்லை.
ஒன்றில் மூடிய வாய் ஒட்டியிருக்கிறேன்,
ஒன்றில் மேலே வளைந்த நாக்கு,
ஒன்றில் மூக்கு.
"மூக்கு கத்தரிக்காயாட்டம் இருக்குதுங் டீச்சர்"
என்கிறாள் சம்யுக்தா.
இருக்கட்டும்.

படத்தைத் தூக்கிக் காட்டுகிறேன்.
பால். கடைசியில் என்ன சத்தம்?
"பாலு. உ!"
கல்?
"கல்லு. உ!"
முள், பல், தேள், எல்லாம் உ.
நாய்க்கு மட்டும் இ, அது நாயி.
நாக்கு ஒட்டிய பெட்டி
காலியாகவே கிடக்கிறது.
தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன்.
விடியற்காலையில் பால்காரரிடம்
பாலு கொஞ்சம் சேத்தி ஊத்துங் என்று
கேட்ட அதே வாய்.

கிரிநாத்துக்கு மட்டும்
மூடிய வாய்ப் பெட்டி தவறுவதில்லை.
படம், பழம், குளம், குடம்,
பார்க்காமல் போடுவதுபோல் போடுகிறான்.
சந்தேகம் வந்து,
சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தேன்: மரம்.
எடுத்துப் போட்டான்.
அவன் அம்மா தறி ஓட்டுகிறவள்.
தொட்டிலைத் தறியோரம் கட்டியிருந்தாள்.
அம்மா பேசுவதை
அவன் முதலில் கண்ணால்தான் கற்றிருக்கிறான்.

மீனும் மண்ணும் அவனுக்கு ஆகவில்லை.
உள்ளே நடக்கிறது, உதட்டில் ஒன்றுமில்லை.
"வாயத் தொறந்து காட்டுங்" என்றான்.
திறந்தேன்.
கிணற்றை எட்டிப் பார்ப்பவன்போல் பார்த்தான்.
அவனுக்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது.
பதினாலு பேரும் ஒவ்வொருவராக
ல் எங்கே தொடுகிறது,
ள் எங்கே மடிகிறது என்று பார்த்தார்கள்.
கடைவாய்ப் பல்லை அடைத்திருப்பதையும்
பார்த்துவிட்டார்கள்.

சஸ்மிதா ஒடிசாவிலிருந்து வந்து நாலு மாதம்.
வீட்டுப் படத்தை எடுத்துக்கொண்டு
கொரொ என்றாள், மெதுவாக.
மூன்று பெட்டியையும் பார்த்தாள்.
எதிலும் போடவில்லை.
மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

பதினொன்றே காலுக்குக் கரண்ட் போனது.

பன்னிரண்டும் ஒருசேர அல்ல,
ஒன்றன்பின் ஒன்றாக அடங்கி,
கடைசித் தறி மட்டும் இன்னொரு தடவை
டக் என்றது.
"க்!" என்றான் கிரிநாத்.
காதால் அவன் பிடித்த முதல் கடைசி.

சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுத் தெளிந்தது.
எப்ப வருமுங்?
தெரியலீங்.
டீத்தண்ணி குடிச்சாச்சுங்?
ஆச்சுங்.
வாங், அக்கட்ட உக்காருங்.

சஸ்மிதா எழுந்து நின்றாள்.
அவர்கள் பேசியதில் ஒரு சொல்லும் புரியாதவள்
சுவரைக் கைகாட்டி
"ங்" என்றாள்.

எந்தச் சொல்லும் ஙகர ஒற்றில் முடியாது:
பயிற்சிப் பள்ளியில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.
சுவரில் தொங்கும் அட்டையில்
ஙவுக்கு நேரே சங்கு,
நடுவில் அது மாட்டிக்கொண்டிருக்கும் ஒரு சொல்.
இந்த ஊரோ
நாளெல்லாம் அதில்தான் முடிகிறது,
யாருக்கும் கேட்காமல்.

சத்துமாவு வந்த பெட்டியைக் கவிழ்த்துக் காலி செய்தேன்.
எந்தப் படத்தைப் போடுவது?
சரிங்கை வரைய முடியாது. போங்கை வரைய முடியாது.
சம்யுக்தா தலையைப் பெட்டிக்குள் விட்டு
"வரட்டுங்?" என்றாள்.
அட்டை அதிர்ந்தது.
பிறகு எல்லாரும்.
சஸ்மிதா உள்ளே வெகுநேரம் இருந்தாள்,
வெளியே வரும்போது
வீட்டுப் படம் மடியில் இல்லை.

கரண்ட் வந்தது. சுவர் மறுபடி இரைந்தது.
கிரிநாத் என் உதட்டைப் பார்த்தான்,
அங்கே ஒன்றுமில்லை.
கையை நீட்டி என் மூக்கில் விரல் வைத்தான்.
சரிங் என்றேன்.
சிரித்தான்.

வியாழக்கிழமை சூப்பர்வைசர் வருவார்.
நாலாவது பெட்டிக்குக் கணக்குக் கேட்பார்.
ஒரு வீடு மட்டுந்தானே கிடக்குது என்பார்.
காதை வையுங் என்பேன்.